ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலி: வார்டில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

அறுவைசிகிச்சை வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்தேன். தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டா முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். ஊர் மாறும், ஆபரேஷன் மாறும். கேள்வி மட்டும் மாறாது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஒன்று சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

“சிஸ்டர், கத்தி வச்சா வலிக்கத்தானே செய்யும்? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்க வேண்டியதுதானே?”

வலிக்கும். துளி வலியும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஆனால் இருமவும், புரண்டு படுக்கவும், எழுந்து பாத்ரூம் வரை நடக்கவும் விடாத வலியைப் பொறுத்துக்கொண்டால் உடம்புக்குக் கெடுதல். வயிற்றில் தையல் உள்ளவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி கட்டும், அதில் கிருமி சேரும். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். வலியில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

என் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பை எடுத்தார்கள். நான் வேலை பார்த்த இடம் இல்லை, வேறோர் ஆஸ்பத்திரி. யார் வந்து கேட்டாலும் “ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்” என்றுதான் சொன்னார். முனகக்கூட இல்லை. அவரை இருமச் சொல்லிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் நிமோனியா. பிழைத்துக்கொண்டார். ஆனால் அஞ்சு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பதினாறு நாள் கிடந்தார். அதற்கப்புறம் என் வார்டில் “வலி இருக்கா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “ஒரு தடவை இருமுங்க பார்ப்போம்” என்பேன். முகம் சொல்லிவிடும்.

“பத்துக்கு எத்தனைன்னு கேக்குறீங்களே, நான் என்ன பரீட்சையா எழுதுறேன்?”

வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. வலிப்பவர் சொல்வதுதான் அளவு. வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் 10. உலகம் முழுக்க வலி ஆராய்ச்சி இந்தச் சின்ன எண்ணை நம்பித்தான் நடக்கிறது. நீங்கள் 7 என்று சொல்லி, மருந்துக்குப் பிறகு 3 என்று சொன்னால் அந்த நாலு புள்ளி எங்களுக்குப் பெரிய செய்தி. சும்மா படுத்திருக்கும்போது ஒன்று, இருமும்போது அல்லது நடக்கும்போது ஒன்று என்று இரண்டு எண் சொல்லுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

எண் வராதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒரத்தநாடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் “ரூபாய்க்குப் பன்னெண்டணா வலி தாயீ” என்றார். அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி, பக்கத்தில் 7 என்று போட்டேன். சாயங்காலம் “இப்ப நாலணா” என்றார். அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. குழந்தைகளிடம் சிரிப்பதிலிருந்து அழுவது வரை வரிசையாக வரைந்த முகங்களைக் காட்டி, எது நீ என்று கேட்போம்.

“பக்கத்து பெட்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். அவர் உட்கார்ந்து காபி குடிக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

தையலின் நீளமும் வலியின் அளவும் ஒன்றாகவே போவதில்லை. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் வேலை பார்த்த அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் இதைக் கவனித்து 1946-ல் எழுதினார். பெரிய காயத்தோடு வந்த சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் வலி மருந்து வேண்டாம் என்றார்களாம். உயிரோடு போர்க்களத்தை விட்டு வந்துவிட்டோம் என்ற நிம்மதி அதற்கு ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். பயம், தூக்கமின்மை, ஆபரேஷனுக்கு முன்பே பல மாதம் இருந்த வலி, உடம்புவாகு எல்லாம் சேர்ந்துதான் உங்கள் எண்ணைத் தீர்மானிக்கின்றன. பக்கத்து பெட்டோடு ஒப்பிட்டு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

“வலி வந்தப்புறம் மாத்திரை போட்டா போதாதா? வலி இல்லாதப்ப எதுக்கு?”

முதல் இரண்டு மூன்று நாளைக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. மருந்து வேலை செய்ய அரைமணி, ஒரு மணி ஆகும். வலி ஏறிய பிறகு நரம்புகள் லேசான தொடுதலுக்கும் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அடக்க அதிக மருந்து தேவைப்படும். பாளம் பாளமாக வெடித்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் முதலில் வெடிப்பு குடித்துவிடும் அல்லவா, அது போலத்தான். இருமும்போது எண் 3-க்குக் கீழே நின்றுவிட்டால், பிறகு தேவைப்படும்போது மட்டும் என்று மாறிக்கொள்ளலாம்.

“பாரசிட்டமால் காய்ச்சல் மாத்திரைதானே? இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அதைக் குடுத்து ஏமாத்துறாங்களா?”

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல ஆசை. இதில்தான் ஆராய்ச்சி மிகத் தெளிவாகப் பேசுகிறது. ஆபரேஷன் முடிந்து நடுத்தரம் அல்லது கடுமையான வலியில் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் கூட்டமைப்பு 2008-ல் பாரசிட்டமாலுக்கான 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 5,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு வலி பாதியாவது குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்படிக் குறைந்தது.

ஆக, அது காய்ச்சலுக்கு மட்டுமான மாத்திரை இல்லை. ஆனால் தனியாகக் கொடுத்தால் பாதிப் பேருக்குப் போதாது. அதனால்தான் இரண்டு மூன்று வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். 200 மில்லிகிராம் இபுபுரூஃபனும் 500 மில்லிகிராம் பாரசிட்டமாலும் சேர்ந்தால், தனித்தனியே கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்வதையும் அதே கூட்டமைப்பின் தொகுப்புகள் காட்டின. ஒவ்வொரு மருந்தும் வலி போகும் பாதையில் வேறு வேறு இடத்தில் மடையை அடைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவைசிகிச்சை மருத்துவர் ஹென்ரிக் கேலெட்டும் ஜோர்கன் தாலும் 1993-ல் இந்தச் சேர்க்கை முறையை எடுத்துச் சொன்னார்கள். தையல் போடும்போதே காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி, நேரத்துக்கு நேரம் பாரசிட்டமால், டாக்டர் அனுமதித்தால் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்று, அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் மார்ஃபின் வகை. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எழுதும் மருந்துச்சீட்டும் அந்த வழியில் வந்ததுதான்.

“டிஸ்சார்ஜ் ஆயாச்சு. வலிச்சா மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?”

தயவுசெய்து வேண்டாம். பேப்பரில் மடித்துக் கொடுக்கும் அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்து உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பல வலி மாத்திரைகளில் பாரசிட்டமால் கலந்தே வருகிறது. டாக்டர் எழுதிய 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு பக்கம், செட்டில் இருக்கும் பாரசிட்டமால் ஒரு பக்கம் என்று இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்ச வரம்பு. எடை குறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் அதற்கும் நன்றாகக் கீழேயே நிற்க வேண்டும். அளவு மீறினால் ஈரல் கெடும். முதல் நாள் ஒன்றுமே தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். அதில் இரண்டை ஒன்றாகப் போடக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்தச் சமயத்தில் இந்தக் குடும்பமே கூடாது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இதைப் போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்கு அடி.

“பருப்பு சாப்பிட்டா சீழ் பிடிக்கும், தண்ணி குடிச்சா புண் ஆறாதுன்னு மாமியார் சொல்றாங்க…”

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் சீழ் கிருமியால் வருகிறது, பருப்பால் வருவதில்லை. புண் ஆற புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம், டாக்டர் சாப்பிடச் சொன்ன நாளிலிருந்து சாப்பிடலாம். தண்ணீர் ஏன் வேண்டும் என்று இப்போதுதான் சொன்னேன். இன்னொரு காரணம் மலச்சிக்கல். வயிற்றில் தையலோடு முக்குவதைப் போல ஒரு வலி கிடையாது. மார்ஃபின் வகையைச் சேர்ந்த டிரமடால் மாதிரி மருந்து எடுத்தால் சிக்கல் இன்னும் கூடும். சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடங்கள்.

“சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அதுலேர்ந்துதான் எனக்கு முதுகுவலி. ஏழு வருஷமாச்சு.”

டெல்டாவில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத தாய்மார்கள் குறைவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. அடுத்து, ஊசிக்குப் பிறகு சிலருக்கு ஒரு தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். முதுகுத்தண்டு நீர் லேசாகக் கசிவதால் வருவது அது. மெல்லிய ஊசிகள் வந்த பிறகு இது குறைந்துவிட்டது. வந்தால் வைத்தியமும் உண்டு, மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் ஏழு வருட முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமா? பிரிட்டனில் பிரசவ வலி வந்த பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதுகு வழியாக வலி மருந்தும் மற்றவர்களுக்கு வேறு முறையும் தந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. முதுகுவலி இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில்தான் இருந்தது. முதுகு ஊசி போடாத பெண்களுக்கும் முதுகு வலிக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

அப்படியானால் உங்கள் வலி பொய்யா? இல்லவே இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், வலுவிழந்த வயிற்றுத் தசை, மணிக்கணக்காகக் குனிந்து பால் கொடுப்பது, இடுப்பில் குடம், அப்புறம் நடவுக்கும் களையெடுப்புக்கும் நாள் முழுக்கக் குனிந்த வேலை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியின் மேல் பழியைப் போட்டால், செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்யாமலே ஏழு வருடம் போய்விடும். பிசியோதெரபி பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.

“பால் குடுக்குறேன். வலி மாத்திரை குழந்தைக்குப் போயிடாதா?”

பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் பாலில் மிகச் சொற்பமாகத்தான் போகும், பயப்பட வேண்டாம். கோடீன் என்ற வலி மருந்து கூடாது. சில தாய்மார்களின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். கனடாவில் ஒரு பச்சைக்குழந்தை அப்படி இறந்ததாக 2006-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கோடீனும் டிரமடாலும் வேண்டாம் என்று எச்சரித்தது. ஆசனவாய் வழியாக வைக்கும் வலி மாத்திரையைப் பலர் கூச்சத்தில் வேண்டாம் என்கிறார்கள். வாய்வழியே எதுவும் தர முடியாத முதல் சில மணி நேரத்தில் அது ரொம்ப உதவும்.

“பித்தப்பையை லேப்ராஸ்கோப்புல எடுத்தாங்க. இப்ப தோள்பட்டை வலிக்குது. வேற எங்கயாவது கை வச்சுட்டாங்களா?”

இல்லை. வயிற்றை விரிக்கக் கரியமில வாயுவை நிரப்பியிருப்பார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளை குழம்பிப்போய்த் தோள் வலிக்கிறது என்கிறது. இரண்டு மூன்று நாளில் போகும். மெதுவாக நடங்கள். நெஞ்சு அடைப்பதோ மூச்சு வாங்குவதோ இருந்தால் மட்டும் இதை வாயு என்று தள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

“பாட்டு கேட்டா வலி குறையும்னு பேரன் ஹெட்போன் மாட்டி விடுறான். நிஜமா?”

நிஜம். 2015-ல் லான்செட் இதழில் 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். ஆபரேஷனுக்கு முன்னோ, நடுவிலோ, பின்னோ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை இன்னொருவர் சொல்லி நாம் நம்ப வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

ஜன்னலும் மருந்துதான். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரம், 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்களுக்குக் கடும் வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். 1984-ல் வந்த கட்டுரை அது. அதைப் படித்ததிலிருந்து, முடிந்தபோதெல்லாம் வயதானவர்களை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிவிடுவேன். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

“மார்ஃபின் போட்டா அடிமையாயிடுவாராமே? அந்த ஊசி மட்டும் வேண்டாம் சிஸ்டர்.”

இதற்கு இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில், அளவு பார்த்து, இரண்டு மூன்று நாள் தரும் மார்ஃபின் ஒருவரை அடிமையாக்குவது அரிது. இந்தப் பயத்தால் மறுத்துவிட்டு, முதல் கேள்வியில் சொன்ன நிமோனியாவை வாங்கிக்கொள்வதில் என்ன லாபம்?

மறுபக்கம், ஆராய்ச்சியைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே பாடம். 1980-ல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானார்கள் என்றது. ஆஸ்பத்திரிக்குள் கொஞ்ச நாள் தந்ததைப் பற்றிய குறிப்பு அது. பிறகு வந்தவர்கள் அதை எடுத்து, வீட்டில் மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். 2017-ல் எண்ணிப் பார்த்தபோது அந்தக் கடிதத்தை 608 இடங்களில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் இந்த மருந்துகளால் லட்சக்கணக்கானோர் இறந்த கதைக்கு அதுவும் ஒரு சிறு கதவைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1985-ன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைப் பூட்டி வைத்தது. 2014-ல் நோயாளிக்குக் கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். டிரமடால் 2018-ல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எனவே ஆஸ்பத்திரியில் பயப்பட வேண்டாம். வீட்டுக்கு எழுதித் தந்தால் சொன்ன நாளோடு நிறுத்துங்கள், மீதியை வைத்திருந்து இன்னொருவருக்குத் தராதீர்கள்.

கூட இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த ஊசி போட்டவர் தட்டி எழுப்பினாலும் எழாமல் குறட்டை விட்டு, மூச்சு மெதுவானால் “நல்லாத் தூங்குறார்” என்று விடாதீர்கள். உடனே கூப்பிடுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது.

“பச்சைக்குழந்தைக்கு வலி தெரியவா போகுது?”

தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு வலி உணர்வு முழுதாக வளரவில்லை என்று நம்பி, ஒருகாலத்தில் போதுமான வலி மருந்தில்லாமலே ஆபரேஷன் செய்தார்கள். இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் இங்கிலாந்தில் இருந்தபோது அதைச் சோதித்து 1987-ல் வெளியிட்டார். ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளின் உடம்பு ஆபரேஷனின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியது, பின்சிக்கல்களும் குறைந்தன. அழத்தான் தெரியும், எண் சொல்லத் தெரியாது என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. மறதி நோய் வந்த முதியவர்களுக்கும் இதேதான். நெற்றிச் சுருக்கம், இறுகிய கை, சாப்பிட மறுப்பது, திடீர்க் குழப்பம் எல்லாம் வலியின் பேச்சுதான்.

“சர்க்கரையில அப்பா காலை எடுத்துட்டாங்க. இல்லாத பாதம் எரியுதுங்கிறார். மனசு பேதலிச்சுப் போச்சா?”

மனசு தெளிவாகத்தான் இருக்கிறது. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருப்பதால், வெட்டிய நரம்பின் செய்தியைப் பாத வலியாகப் படிக்கிறது. கால் எடுத்தவர்களில் பலருக்கு இது வரும். பலர் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வெளியில் சொல்வதே இல்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஓர் எளிய யோசனையைக் கொண்டுவந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்க வேண்டும். இல்லாத கால் அசைவதாக மூளை காண்கிறது. 2007-ல் கால் இழந்த 22 அமெரிக்கப் படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் துணி மூடிய கண்ணாடி, ஒன்றுக்குக் கற்பனை மட்டும். நாலு வாரத்தில் கண்ணாடிக் குழுவில் ஆய்வை முடித்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் செலவு ஒரு கண்ணாடி. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுச் செய்து பாருங்கள். நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகளும் உண்டு.

“குடலிறக்கம் பண்ணி ஆறு மாசம் ஆச்சு. மூட்டை தூக்கினா தையல்கிட்ட சுரீர்ங்குது. உள்ள ஏதாவது விட்டுட்டாங்களா?”

காயம் ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் வலியைத் தனி வகையாகவே பார்க்கிறார்கள். ஆபரேஷன் ஆன பத்துப் பேரில் ஒருவருக்காவது இப்படி ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. மார்பகம், நெஞ்சுக்கூடு ஆபரேஷன்களில் இன்னும் அதிகம். பெரும்பாலும் தையல் வழியில் சிக்கிய அல்லது அடிபட்ட நரம்புதான் காரணம். ஆபரேஷனுக்கு முன்பே கடும் வலி இருந்தவர்களுக்கும், முதல் சில நாள் வலி அடங்காமல் கிடந்தவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. அதனால்தான் முதல் நாள் எண்ணுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டினேன்.

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறவர், குறுவை அறுவடைக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூக்கினால் வலியை மறைக்கலாம், சதையை ஏமாற்ற முடியாது. அதே இடத்தில் வீக்கம் தெரிந்தால் குடலிறக்கம் மறுபடி வந்திருக்கலாம். இரண்டில் எது என்று ஆபரேஷன் செய்தவரிடமே காட்டுங்கள்.

“ஆய்வுன்னு சொல்லிக் கையெழுத்து கேக்குறாங்க. எங்களை எலி மாதிரி வச்சுப் பார்க்குறாங்களா?”

இந்தக் கோபம் நியாயமானது. உலகத்தில் அப்படி நடந்த காலம் உண்டு, அதனால்தான் மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு நெறி சொல்லும் ஹெல்சின்கி பிரகடனம் 1964-ல் வந்தது. இப்போது நம் நாட்டில் 2019-ன் மருத்துவ ஆய்வு விதிகள் இருக்கின்றன. முதலில் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், அதில் டாக்டர் அல்லாதவர்களும் இருப்பார்கள். விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். வேறு பிரிவு ஆய்வுகளுக்கு நான் பலமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். “கைநாட்டு வச்சுட்டுப் போறேன், சீக்கிரம் முடிங்க” என்பவரை நிறுத்தி, “என்ன செய்யப் போறாங்கன்னு எனக்கு நீங்க சொல்லுங்க” என்று கேட்பேன். அவரால் சொல்ல முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து விளக்கச் சொல்வேன்.

சேர மறுத்தாலும் வைத்தியம் குறையக்கூடாது. பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் உரிமை. கையெழுத்திட்ட தாளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இந்தியாவில் ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவகம் 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் கையெழுத்திடத் தயங்குங்கள்.

“எனக்கு வெறும் மாத்திரை விழுந்துட்டா வலியோட கிடக்கணுமா?”

கிடக்கக்கூடாது. ஒழுங்கான வலி ஆய்வில் எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு. சோதிக்கும் மருந்தோ வெறும் மாத்திரையோ அதற்கு மேல்தான். அப்படி இல்லாத ஆய்விலும், கேட்ட உடனே தரும் மீட்பு மருந்து இருக்க வேண்டும். இன்னும் சொன்னால், ஒருவர் மீட்பு மருந்தை எத்தனை தடவை கேட்டார் என்பதே பல ஆய்வுகளில் அளவுகோல். “கேட்டா ஆய்வு கெட்டுடுமோ” என்று பல்லைக் கடித்தால்தான் ஆய்வு கெடும். கையெழுத்துக்கு முன்பு இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “வலிச்சா எனக்கு என்ன தருவீங்க, எவ்வளவு நேரத்துல?”

வெறும் மாத்திரையிலும் ஐந்தில் ஒருவருக்கு வலி பாதியானது என்று பாரசிட்டமால் பதிலில் பார்த்தோம். சிலருக்கு வலி தானாகவே இறங்கியிருக்கும். சிலருக்கு, மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே மூளை தன் சொந்த வலி மருந்தைச் சுரக்கும். 1978-ல் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் இதைக் காட்டினார்கள். மார்ஃபினை முறிக்கும் என்று மேலே சொன்ன அதே நலாக்சோனைக் கொடுத்ததும் அந்த நம்பிக்கை தந்த நிவாரணம் மறைந்தது. ஊசி போடும்போது “இது வலிக்குத்தான், அரைமணியில கேக்கும்” என்று வாய் திறந்து சொல்லும்படி என் ஜூனியர் பெண்களை நான் விரட்டியதற்கு அதுதான் காரணம். இத்தாலியில் ஃபாப்ரிசியோ பெனெடெட்டியின் குழு, சொல்லாமல் மறைவாக ஏற்றிய மருந்து குறைவாகவே கேட்டதைக் காட்டியிருக்கிறது.

“ஆராய்ச்சியில நிரூபிச்சதுன்னு சொல்றதெல்லாம் நம்பலாமா?”

எல்லாவற்றையும் நம்ப முடியாது. ஆபரேஷன் வலித் துறையிலேயே பெரிய மோசடி நடந்திருக்கிறது. ஸ்காட் ரூபன் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பற்றிப் புகழ்பெற்ற ஆய்வுகளை எழுதினார். 2009-ல் பார்த்தால், அவரது 21 கட்டுரைகளில் இட்டுக்கட்டிய விவரங்கள் இருந்தன. சிலவற்றில் நோயாளிகளே இல்லை. 2010-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. மோசடி இல்லாமலும் தவறு நடக்கும். நரம்பு வலிக்கான கபாபென்டின் வகை மாத்திரையை ஆபரேஷன் வலிக்கும் வருடக்கணக்கில் எழுதினார்கள். 2020-ல் 281 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நோயாளி உணரும் அளவுக்குப் பலன் இல்லை, தலைசுற்றல்தான் கூடியது.

ரூபனின் 21 கட்டுரைகளைத் தூக்கிப் போட்ட பிறகும் பாரசிட்டமாலின் கணக்கு மாறவில்லை. அந்த 51 ஆய்வுகள் பல ஊரில், பல கைகள் செய்தவை. ஆகவே யாராவது ஒரு புது மருந்தைக் காட்டி “நிரூபிச்சாச்சு” என்றால் எத்தனை பேரிடம், எத்தனை இடத்தில், எதோடு ஒப்பிட்டு, பணம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். இந்த நாலுக்கும் பதில் சொல்கிற டாக்டரிடம் நான் என் சொந்தத் தம்பியை அனுப்பினேன். போன ஆடியில் முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து, இரண்டாம் நாள் காலையில் போனில் கூப்பிட்டான். “அக்கா, படுத்தா ரெண்டு, நடந்தா நாலு” என்றான்.